மழை பெய்தும் ஏறாத ஏரி: பிளாக் விளையாட்டுகளில் தண்ணீரைச் சவாலாக்குவது எப்படி?

மைன்கிராஃப்ட் ஆடும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த வித்தை ஒன்று உண்டு. தரையில் இரண்டுக்கு இரண்டு பிளாக் அளவில் குழி வெட்டி, எதிரெதிர் மூலைகளில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்ற வேண்டும். அவ்வளவுதான், அந்தக் குழி இனி வற்றாது. எத்தனை வாளி மொண்டாலும் உடனே நிரம்பிவிடும். அந்த விளையாட்டில் ஒரு பிளாக் என்பது ஒரு கன மீட்டர். ஆகவே ஒரு வாளி என்பது 1,000 லிட்டர். ஆயிரம் அடிக்கு போர் போட்டும் புழுதி மட்டும் பறந்ததைப் பார்த்த ஒசூர், சூளகிரிப் பக்கத்து விவசாயியிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

பிளாக் விளையாட்டுகளில் மற்ற எதற்கும் உழைப்பு உண்டு. மரத்தை வெட்ட வேண்டும், கல்லை உடைக்க வேண்டும், இரும்பைத் தோண்டி உருக்க வேண்டும். தண்ணீருக்கு மட்டும் விலையே இல்லை. அதைச் சவாலாக்க முடியுமா, முடியுமானால் எந்த விதிகளால் என்பது விளையாட்டு வடிவமைப்பாளர்களிடையே பழைய கேள்வி. இருபது ஆண்டுகளாகப் பல விளையாட்டுகள் பல விடைகளைச் சொல்லிப் பார்த்திருக்கின்றன. அந்த விடைகளை இக்கட்டுரை வரிசையாகப் பரிசீலிக்கிறது. உரைத்துப் பார்க்க எடுத்துக்கொள்வது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தண்ணீரை. 2004இல் தர்மபுரியிலிருந்து பிரிந்த இந்த ஒரே மாவட்டத்தில் கழிவு சுமந்து வரும் ஆறு, ஒன்றுக்கொன்று கோடி போகும் (நிரம்பி வழியும்) ஏரிகள், ஆழத்தில் ஃப்ளோரைடு, மேலே அண்டை மாநிலம், உடைந்த ஷட்டர், ஒரே நாளில் அரை மீட்டர் மழை எல்லாமே உண்டு. தண்ணீர் மனிதரைப் படுத்தும் வகைகளுக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடைப்பது அரிது.

இப்போதுள்ள விதி

மைன்கிராஃப்டின் தண்ணீர் இரண்டு வகை: ஊற்று பிளாக், ஓடும் பிளாக். ஊற்றிலிருந்து சமதளத்தில் 7 பிளாக் தூரம் தண்ணீர் பரவும். ஒவ்வொரு பிளாக்கிலும் உயரம் குறைந்துகொண்டே போய் எட்டாவதில் நின்றுவிடும். வழியில் பள்ளம் இருந்தால் அதில் விழுந்து, விழுந்த இடத்திலிருந்து மறுபடி 7 பிளாக் போகும். நொடிக்கு 4 பிளாக் அதன் வேகம். பயிருக்கு இன்னும் எளிய விதி. தண்ணீர் இருக்கும் பிளாக்கைச் சுற்றி 4 பிளாக் தூரத்துக்குள் உள்ள உழவு நிலமெல்லாம் ஈரமாக இருக்கும். நடுவில் ஒரு பிளாக் தண்ணீர் வைத்தால் சுற்றியுள்ள 80 பிளாக் விளையும். அந்தத் தண்ணீர் ஒரு சொட்டும் குறையாது.

2018 ஜூலையில் வந்த பெரிய கடல் புதுப்பிப்பு தண்ணீரை அழகாக்கியது. பவளம் வந்தது, நீச்சல் வந்தது, கடலடிப் பிசாசுகள் வந்தன, படிக்கட்டுக்குள்ளும் வேலிக்குள்ளும் தண்ணீர் நிற்க வழி பிறந்தது. தண்ணீருக்குள் மூச்சு 15 நொடிதான் என்பதால் ஆபத்தும் உண்டு. இவையெல்லாம் தண்ணீருக்குள் இறங்கும் உடம்புக்கான சவால்கள். தண்ணீரை ஆளும் மனிதனுக்கான சவால் அதில் ஒன்றும் இல்லை. 2022 டிசம்பரில் வந்த 1.19.3 பதிப்பு, வற்றாத குழி வித்தையை நிறுத்திவைக்க ஒரு விதிப் பொத்தானைத் தந்தது. அதை அணைத்தால் புதிய ஊற்று பிறக்காது. ஆனால் இருக்கிற ஊற்று வற்றுவதும் இல்லை. மலையுச்சியில் ஒரு வாளியை ஊற்றிவிட்டால் அடிவாரம் வரை அது ஆண்டுக்கணக்கில் ஓடும். ஆக, பொத்தான் தண்ணீரைக் கொஞ்சம் அரிதாக்கியது, கணக்குக்குள் கொண்டுவரவில்லை.

இப்படி விட்டதற்குக் காரணம் சோம்பல் அன்று. விளையாட்டை உருவாக்கிய மார்கஸ் பெர்சன் 2009இல் வெளியிட்ட தொடக்கப் பதிப்புகளில் தண்ணீர் ஒரு தடவை திறந்துவிட்டால் நிற்காமல் பரவி, தன் மட்டத்துக்குக் கீழே உள்ள குகைகளையெல்லாம் மூழ்கடித்தது. அதற்கு மருந்தாகத்தான் பஞ்சு பிளாக் வந்தது. பிறகு உலகம் எல்லையற்றதாக விரிந்தபோது, கடல் முழுக்கக் கோடிக்கணக்கான தண்ணீர் பிளாக்குகள் நின்றன. கரையில் ஒருவர் ஒரு வாளி மொண்டால், கணக்குப்படி கடல் முழுவதும் மயிரிழை இறங்க வேண்டும். அத்தனை பிளாக்குகளையும் ஒவ்வொரு முறையும் எழுப்பிக் கேட்க எந்தக் கணினியாலும் ஆகாது. 7 பிளாக்கில் நிற்கும் தண்ணீர் அந்தச் சிக்கலை வெட்டிவிட்டது. பிள்ளைகளுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரியும் விதியாகவும் அமைந்தது. அந்தத் தெளிவை இழக்காமல் கடினத்தைக் கூட்ட வேண்டும் என்பதே இந்தக் கேள்வியின் முடிச்சு.

மற்றவர்கள் சொன்ன விடைகள்

முதல் விடை, ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீரை அளந்து வைப்பது. டார்ன் ஆடம்ஸ், ஜாக் ஆடம்ஸ் சகோதரர்கள் 2006இல் வெளியிட்ட ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் ஒரு கட்டத்தில் தண்ணீர் 1 முதல் 7 வரை நிற்கும். அதற்கு அழுத்தமும் உண்டு. ஆற்றிலிருந்து பாதாளத்துக்குக் குழாய் வெட்டினால் மறுமுனையில் அது மேலே பொங்கி வரும். இதை அறியாமல் கிணறு வெட்டிய ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்கள் தங்கள் கோட்டையைத் தாங்களே மூழ்கடித்திருக்கிறார்கள். தோற்பதே விளையாட்டு என்பது அந்த ஆட்டத்தின் கொள்கை என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதே ஆட்டத்தில் ஓட்டையும் உண்டு. நீர்ச்சக்கரம் 100 அலகு சக்தி தருகிறது, தண்ணீரை மேலேற்றும் திருகு பம்பு 10 அலகுதான் கேட்கிறது. இரண்டையும் வட்டமாகப் பூட்டிவிட்டால் தண்ணீர் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி இலவசமாகச் சக்தி தருகிறது. தண்ணீரின் அளவைக் காத்தவர்கள் ஆற்றலின் அளவைக் காக்க மறந்தார்கள்.

2011இல் வந்த டெராரியா ஒரு கட்டத்துத் தண்ணீரை 255 பங்காகப் பிரித்தது. அங்கே ஓட்டை வகுத்தலில் விழுந்தது. தண்ணீரைச் சிறு துளிகளாகச் சிதறவிட்டு மறுபடி சேர்த்தால் அளவு கூடிவிடுகிறது. ஆட்டக்காரர்கள் அதற்கென்றே படிக்கட்டு வைத்துத் தண்ணீரைப் பெருக்கிக்கொண்டார்கள். கட்டத்துக்குக் கட்டம் கணக்கு வைக்கும் எந்த முறையிலும் இந்தச் சில்லறைப் பிழை வந்தே தீரும். அதை அடைக்கத் தனி வேலை பார்க்க வேண்டும்.

இரண்டாவது விடை, தண்ணீருக்குத் தரம் வைப்பது. கனடாவின் க்ளெய் நிறுவனம் 2019இல் முழுமையாக வெளியிட்ட ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட் ஆட்டத்தில் கழிப்பறைக்குப் போன தண்ணீர் கழிவுநீராகத் திரும்பி வரும். அதை வடிகட்ட மணலும் மின்சாரமும் செலவாகும். வடிகட்டிய பிறகும் கிருமி அதில் அப்படியே இருக்கும். கிருமியைக் கொல்லக் காய்ச்ச வேண்டும், அல்லது வேறு வழி பார்க்க வேண்டும். தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல என்பதைப் பாடம் நடத்தாமல் புரியவைத்த ஆட்டம் இது.

மூன்றாவது விடை, காலம். போலந்தின் மெக்கானிஸ்ட்ரி நிறுவனம் 2021 செப்டம்பரில் முன்னோட்டப் பதிப்பாக வெளியிட்ட டிம்பர்பார்னில் மனிதர்கள் இல்லை. அணை கட்டும் பீவர்கள்தாம் குடிமக்கள். ஆறு சில நாள் ஓடும், பிறகு வறட்சி வரும், ஒவ்வொரு சுற்றிலும் வறட்சி நீளும். அதற்குள் அணை கட்டித் தேக்கியிருக்க வேண்டும். பின்னால் வந்த புதுப்பிப்பில் வறட்சிக்குப் பதிலாக நஞ்சு கலந்த செந்நீர் ஓடும் நாட்களும் சேர்ந்தன. செந்நீர் வரும்போது மதகை மூடி அதைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும், இல்லையென்றால் தேக்கிய நல்ல தண்ணீரும் வீண். இதுவரை வந்த ஆட்டங்களில் கிருஷ்ணகிரிக்கு மிக நெருங்கியது இதுதான்.

நான்காவது விடை ரசிகர்களுடையது. மைன்கிராஃப்டின் மேல் கட்டப்பட்ட டெர்ராஃபர்மாகிராஃப்ட் போன்ற மாற்றுப் பொதிகளில் தாகம் உண்டு, கடல்நீர் குடிக்க உதவாது. கட்டற்ற மென்பொருளான மைன்டெஸ்ட் 2024 அக்டோபரில் லுவாண்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதில் ஒவ்வொரு திரவத்துக்கும் ஊற்று பெருகலாமா, எத்தனை பிளாக் பரவலாம், எவ்வளவு பிசுபிசுப்பு என்பதைத் தனித்தனியாக எழுதிவைக்க முடியும். அதன் அடிப்படை ஆட்டத்திலேயே ஆற்றுத் தண்ணீர் பெருகாது, 2 பிளாக்குக்கு மேல் பரவாது. சரிவில் ஓடும் ஆறு பெருகிக் கரை தாண்டி ஊரை மூழ்கடித்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

இந்த நான்கு விடைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு குறை தெரியும். பெரும்பாலானவை தண்ணீரை அது நிற்கும் இடத்தில் வைத்துப் பார்க்கின்றன. அது எங்கிருந்து வந்தது, யாரைக் கடந்து வந்தது, நமக்கு அப்புறம் யாரிடம் போகிறது என்பதில் அவற்றுக்கு அக்கறை குறைவு.

கிருஷ்ணகிரித் தண்ணீர் காட்டும் கஷ்டங்கள்

முதலில் மழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்நாட்டுக்குள் வந்தபோது ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரிகள் நிரம்பி உபரிநீர் சாலையில் பாய்ந்து, நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் இழுத்துப்போனது. 50 செ.மீ. என்பது பிளாக் கணக்கில் அரை பிளாக். ஒரு சமதளத்தில் அரை பிளாக் தண்ணீர் நின்றால் முழங்கால் நனையும், அவ்வளவுதான். ஆனால் 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் பெய்த அரை மீட்டர், 50 லட்சம் கன மீட்டர். அதில் பெரும்பகுதி ஒரே ஓடையை நோக்கி வரும்போதுதான் வேன் மிதக்கிறது. மைன்கிராஃப்டில் மழை தீயை அணைக்கும், உழவு நிலத்தை நனைக்கும், கொப்பரையைச் சிறிது சிறிதாக நிரப்பும். ஏரி ஒரு விரற்கடையும் ஏறாது. வானத்துக்கும் ஏரிக்கும் இடையில் உறவே இல்லாத உலகம் அது. சவாலான தண்ணீருக்கு முதல் விதி, மழையை நிலத்தின் சரிவோடு கட்டிப்போடுவது.

இரண்டாவது, தூரம். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் கிழக்கு ஓரமாக இறங்கி, ஒசூருக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. முதலில் கெலவரப்பள்ளி அணை, அடுத்து கிருஷ்ணகிரி அணை, அதற்கும் கீழே திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர். நந்தி மலையில் பெய்த மழை கெலவரப்பள்ளிக்கு வந்துசேர, நந்தி மலையில் யாரும் நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை. மைன்கிராஃப்டில் நிற்க வேண்டும். அங்கே உலகம் 16க்கு 16 பிளாக் கொண்ட துண்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஆட்டக்காரருக்கு அருகில் உள்ள துண்டங்கள் மட்டுமே இயங்குகின்றன. மற்றவை உறைந்து கிடக்கும். ஒரு துண்டத்தின் உயரம் 384 பிளாக் என்பதால் துண்டம் ஒன்றுக்கு 98,304 கட்டங்கள். எல்லாவற்றையும் எப்போதும் ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு வர வேண்டுமானால் ஆற்றின் கணக்கைப் பிளாக்கிலிருந்து பிரித்து வேறெங்காவது வைக்க வேண்டும்.

மூன்றாவது, தரம். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்துவரும் கழிவு இந்த ஆற்றில்தான் சேர்கிறது. மேலே மழை பெய்து நீர்வரத்து கூடும் நாட்களில் கெலவரப்பள்ளி ஷட்டர்களைத் திறந்தால் நுரை மலைபோல எழும்புவதும், கீழே உள்ள தரைப்பாலத்தை மூடி வழியை அடைப்பதும் செய்தித்தாள் படிப்பவர்களுக்குப் பழகிப்போன படம். சோப்புத்தூள் வகை வேதிப்பொருள்கள் கலந்த தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு கடையப்படுவதால் வரும் நுரை அது. வடிவமைப்பாளருக்கு இதில் ஒரு நுட்பமான பாடம் உண்டு. தேங்கி நிற்கும்போது தண்ணீர் பார்க்கச் சாதாரணமாக இருக்கும், விழும்போதுதான் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு நீர்நிலைக்கும் அளவு என்ற எண்ணோடு அழுக்கு என்ற இன்னோர் எண்ணையும் வைத்து, மதகிலோ அருவியிலோ விழும் இடத்தில் மட்டும் அழுக்குக்கு ஏற்ப நுரையைக் காட்டினால் போதும். ஆட்டக்காரர் மீட்டர் எதையும் பார்க்காமலே தெரிந்துகொள்வார். மழைநீர் கலந்தால் அழுக்கின் விகிதம் குறையும் என்பது வெறும் வகுத்தல். அணையில் இருக்கும் தண்ணீரை எப்போது திறந்துவிட்டுப் புதுத் தண்ணீரைப் பிடிப்பது என்பது உண்மையான சிந்தனை. கெலவரப்பள்ளியின் முழு மட்டம் 44.28 அடி. அதில் எத்தனை அடியை எந்தத் தண்ணீருக்காகக் காலி செய்வது என்பதைவிட நல்ல புதிரை எந்த அரக்கனும் தர மாட்டான்.

நான்காவது, ஆழம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைக்குள் இருக்கும் ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து பற்களையும் எலும்பையும் கெடுத்தது. அதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. பிளாக் விளையாட்டுகளில் தோண்டத் தோண்ட வைரம் கிடைக்கும். தோண்டத் தோண்டத் தண்ணீர் கிடைத்து, ஆனால் அது குடிக்க ஆகாததாகிக்கொண்டே போனால், ஆழம் என்பது பரிசாக மட்டும் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத கேட்டை எப்படிக் காட்டுவது என்ற கேள்வி வரும். கிராமத்துப் பாத்திரங்களின் பல்லில் படிந்த கறையே அறிகுறி என்று வைக்கலாம். இந்த மாவட்டத்தில் நடந்ததும் அதுதான்.

ஐந்தாவது, தேய்மானம். கிருஷ்ணகிரி அணை 1950களில் கட்டப்பட்டது, முழு மட்டம் 52 அடி. 2017 நவம்பர் இறுதியில் அதன் முதல் ஷட்டர் உடைந்து, தேக்கிய தண்ணீர் ஆற்றோடு போனது. மட்டத்தை இறக்கினால்தான் பழுது பார்க்க முடியும் என்ற நிலையில் இன்னும் தண்ணீரை விட வேண்டியதாயிற்று. பிளாக் விளையாட்டுகளில் கட்டியது கட்டியபடியே என்றென்றும் நிற்கும். ஷட்டருக்கு வயது வைத்தால் அணை கட்டுவதோடு ஆட்டம் முடியாது. ஏரிக்கு இதே வேலையைத் தூர் செய்யும். ஓடிவரும் தண்ணீர் மண்ணைக் கொண்டுவந்து கொட்ட, கொள்ளளவு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். தூர்வாருவது வெறும் தண்டனையாக இருக்க வேண்டியதில்லை. நம் விவசாயிகள் அரசு அனுமதியோடு ஏரியின் வண்டலை அள்ளி வயலில் போடுகிறார்கள். ஆட்டத்திலும் வண்டல் உரமானால் தூர்வாரும் வேலைக்கு ஆள் தேட வேண்டாம்.

ஆறாவது, பங்கு. தென்பெண்ணையின் கிளையான மார்கண்டேய நதியில் கோலார் மாவட்டத்துக் குடிநீருக்காகக் கர்நாடகம் யார்கோளில் அணை கட்டியது. அதை எதிர்த்துத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது, 2019 நவம்பரில் தடை கோரிய மனு தள்ளுபடியானது. இரு பக்கமும் தாகம் உண்மையானது என்பதால்தான் அது வழக்கு. பலர் சேர்ந்து ஆடும் சர்வரில் மேட்டில் இருப்பவர் அணை கட்டினால் பள்ளத்தில் இருப்பவர் வயல் காயும். வில்லும் வாளும் இல்லாமலே அங்கே அரசியல் பிறக்கும். கிருஷ்ணகிரி அணைப் பாசனத்தில் போகத்துக்கு 120 நாள் என்று நாள் குறித்து, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். அதுபோல முறை வைக்கும் ஒரு பலகையை ஆட்டத்துக்குள் தந்தால், சண்டையை விதியாக்கும் வேலையை ஆட்டக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஏரிக்கு ஏரி கணக்கு

இத்தனையும் வைத்தால் கணினி தாங்குமா? கட்டத்துக்குக் கட்டம் கணக்குப் போட்டால் தாங்காது. திரவத்தை வேகமாகக் கணக்கிட நல்ல முறைகள் உண்டு. 1995இல் ஜேம்ஸ் ஓ'பிரையனும் ஜெசிகா ஹாட்ஜின்ஸும் தண்ணீரைத் தூண்களாகப் பிரித்து, பக்கத்துத் தூண்களைக் கற்பனைக் குழாய்களால் இணைத்துக் கணக்கிட்டார்கள். 1999இல் ஜோஸ் ஸ்டாம் எவ்வளவு பெரிய கால அடி எடுத்தாலும் சிதறாத திரவக் கணக்கைத் தந்தார். இரண்டும் ஒரு குளத்துக்கு, ஒரு காட்சிக்கு நன்றாக வரும். ஒரு நாடு முழுவதற்கும் வராது.

வழி நம் ஏரிச் சங்கிலியிலேயே இருக்கிறது. ஓர் ஏரிக்கு வேண்டியவை சில எண்கள்தாம்: எந்த மட்டத்தில் எவ்வளவு தண்ணீர், மதகின் அடிமட்டம், கோடியின் மட்டம், கரையின் உச்சி, கோடி போனால் அடுத்த ஏரி எது. வரத்தைக் கூட்டி, மதகில் போனதையும் ஆவியானதையும் கசிந்ததையும் கழித்தால் புதிய மட்டம். கோடியைத் தாண்டினால் மிச்சம் அடுத்த ஏரிக்கு. ஒரு மாவட்டத்து ஏரிகளுக்கு மொத்தம் சில ஆயிரம் கூட்டல் கழித்தல். இதற்கு ஆட்டக்காரர் அருகில் நிற்கவும் தேவையில்லை. பிளாக்குகள் அந்த மட்டத்தை வரைந்து காட்டும் வேலையை மட்டும் செய்யும். மதகு வாயிலும், கரை உடைந்த இடத்திலும், ஆட்டக்காரர் கண்முன் உள்ள வாய்க்காலிலும் மட்டும் கட்டத்துக்குக் கட்டம் தண்ணீரை ஓட்டினால் போதும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100க்கு 100 பிளாக் பரப்பு, 5 பிளாக் ஆழம் கொண்ட ஏரியில் 50,000 பிளாக் தண்ணீர். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். மதகில் நொடிக்கு 10 கன அடி விட்டால் ஏறத்தாழ மூன்றரை நொடிக்கு ஒரு பிளாக் போகும். ஏரி காலியாக உண்மை நேரத்தில் இரண்டு நாள் ஆகும். மைன்கிராஃப்டில் ஒரு நாள் என்பது 20 நிமிடம். தண்ணீரின் நேரத்தையும் அந்த விகிதத்தில் சுருக்கினால் 40 நிமிடத்தில் ஏரி தரை தட்டும், 8 நிமிடத்துக்கு ஒரு பிளாக் மட்டம் இறங்கும். கண்ணால் பார்த்து, மதகை அடைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கச் சரியான வேகம் இது. பயிருக்குப் பயிர் தண்ணீர்த் தேவை மாறினால் யோசனை இன்னும் ஆழமாகும். ராகி மழையிலேயே தேறும், தக்காளிக்கு விட்டுவிட்டுப் பாய்ச்ச வேண்டும், ரோஜாவுக்குச் சொட்டுநீர் போட வேண்டும், நெல் தேங்கிய தண்ணீர் கேட்கும். எந்த விதையைக் கையில் எடுப்பது என்பதே அங்கே நீர் மேலாண்மை.

இதில் கடினமான ஓரிடம் உண்டு. ஆட்டக்காரர் கரையில் ஒரு பிளாக்கை எடுத்தாலோ, ஏரிக்குள் மேடு எழுப்பினாலோ, ஏரியின் எண்கள் மாறும். ஓர் ஏரி இரண்டாகலாம், இரண்டு ஒன்றாகலாம். அந்த இடத்தை மட்டும் மறுபடி அளந்து பட்டியலைத் திருத்த வேண்டும். நிரலாளருக்கு இது நல்ல தலைவலி. என்றாலும் எல்லைக்குட்பட்ட தலைவலி. மாற்றம் நடந்த ஏரியோடு நின்றுவிடும், கடல் முழுவதும் எழுந்து வராது.

மறுப்புகள்

பிள்ளைகளின் ஆட்டத்தில் வறட்சியும் சாக்கடையும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. மைன்கிராஃப்ட் பலருக்குக் கட்டடம் கட்டும் களம். அரண்மனைக்கு அகழி வெட்டுகிறவருக்கு ஆவியாதல் கணக்கு எரிச்சலைத்தான் தரும். ஆகையால் இந்த விதிகள் எல்லோருக்கும் கட்டாயமாகக் கூடாது. விரும்பியவர் திறந்துகொள்ளும் தனி உலக வகையாக இருக்க வேண்டும்.

வேறொரு மறுப்பு, இது சவாலாக இல்லாமல் தொல்லையாகிவிடும் என்பது. இரண்டையும் பிரிப்பது ஒன்றுதான்: வருவதை முன்பே பார்க்க முடிகிறதா, பார்த்தபின் செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறதா. எச்சரிக்கை இல்லாமல் உடையும் ஷட்டர் தொல்லை. முதலில் துருவேறி, பிறகு கசிந்து, அப்புறம் உடையும் ஷட்டர் சவால். ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸின் அழுத்த விதி புதியவர்களை விரட்டியதற்கும், டிம்பர்பார்னின் வறட்சி அவர்களை ஈர்த்ததற்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பாலும் இதுதான். பின்னதில் வறட்சி வரும் நாள் திரையில் முன்பே தெரிகிறது.

மூன்றாவது மறுப்பு, விளையாட்டு தண்ணீரைக் கற்பிக்காது என்பது. இதற்கு நடந்த எடுத்துக்காட்டுகளே விடை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2022இல் பிரஸ்டன் நகர வெள்ளத் தடுப்புத் திட்டத்தை வைத்து மைன்கிராஃப்ட் கல்விப் பதிப்பில் ரிவர்கிராஃப்ட் உலகத்தை வெளியிட்டது. ஐ.நா. வாழிட அமைப்பும் மைன்கிராஃப்ட் நிறுவனமான மொஜாங்கும் 2012இல் தொடங்கிய பிளாக் பை பிளாக் திட்டத்தில் நேபாளத்தின் கீர்த்திபூர் ஊர்க்காரர்கள் தங்கள் குளத்தைச் சுற்றியுள்ள பொது இடத்தை மைன்கிராஃப்டில் கட்டிப்பார்த்துத் திருத்தினார்கள். வற்றாத ஊற்றை வைத்துக்கொண்டே இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது.

முடிவு

பிளாக் விளையாட்டுகளில் தண்ணீரைச் சவாலாக்க இதுவரை நடந்த முயற்சிகளில் துல்லியத்தின் பக்கம் போனவை கணினியிலும் ஓட்டைகளிலும் சிக்கின. காலத்தின் பக்கமும் தரத்தின் பக்கமும் போனவை வென்றன. இன்னும் யாரும் சரியாகத் தொடாத பக்கம் ஆற்றின் நீளம்: மேலே பெய்த மழை, நடுவில் கலந்த அழுக்கு, கீழே காத்திருக்கும் வயல் மூன்றையும் ஒரே கணக்கில் கட்டுவது. அதற்குத் தண்ணீர்த் துளிகளைத் துரத்த வேண்டியதில்லை. ஏரிகளை எண்ணினால் போதும்.

லுவாண்டி இலவசம், அதன் நிரல்மொழியான லுவாவை ஒரு கல்லூரி மாணவர் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். ஒசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கணினி படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறார்கள். கெலவரப்பள்ளி முதல் சாத்தனூர் வரை ஒரு தென்பெண்ணையை அதில் கட்டட்டும். உள்ளூர் மதகு எப்படித் திறக்கிறது, கோடி எந்தப் பக்கம் போகிறது என்று பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களிடமும் ஏரிக்கரை விவசாயிகளிடமும் கேட்டு எழுதட்டும். எந்த நிறுவனமும் அதை நமக்காகச் செய்யப்போவதில்லை.